மாக்கோழியும் மறுக்கப்பட்ட மனுவும்

யசோதர காவியத்தின் கதையை நம் இல்லங்களில் அறியாதார் மிகச் சிலரே. தீக்கனாக் கண்டதாகக் கூறிய அரசனை அவன் அன்னை சந்திரமதி உயிர்ப்பலி இடுமாறு வற்புறுத்தினாள். உயிரைக் கொல்ல உளம் ஒருப்படாத அவன், அன்னையின் சொல்லையும் தட்டமாட்டாதவனாய், மாவினால் செய்த கோழியொன்றைத் தேவியின் முன்னிலையில் வாளால் வெட்டினான். வெட்டுண்டது மா. ஆயினும் மகன் மயிலாகவும் அன்னை நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் இருவரும் உழன்றதைக் காவியம் விரித்துரைக்கிறது. எங்கள் இல்லத்துப் பாட்டியார், மாவினால் பறவையுருச் செய்த பலகாரத்தைக் குழந்தைகள் பிட்டுத் தின்பதற்கும் ஒப்பமாட்டார். அன்று அதைக் கண்டு நகைத்தோம். இன்று நகைக்கத் தோன்றவில்லை.

ஏனெனில் அக்கதை எழுப்பும் வினா இன்றைய நீதிமன்றங்களிலும் எழுகின்ற வினாவே ஆகும். உயிர் போகாதபோது கொலைக் குற்றம் எங்கே உறைகிறது? வாளிலா, வெட்டிய கையிலா, உள்ளத்திலா? வெட்டியவன் மகன், வெட்டச் சொன்னவள் தாய். இருவருக்கும் ஒரே அளவில் வினை சேர்வது எங்ஙனம்?

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்துள்ள இடம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், கொலை முயற்சிக் குற்றத்திற்காகப் பல்லாண்டுகளாகச் சிறையில் இருப்போர், தமக்கு விதித்த தண்டனையை மீண்டும் நிர்ணயிக்க வேண்டுமென மனுச் செய்கின்றனர். மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு செய்கின்றனர். அத்தீர்ப்புகளில் சிலவற்றைப் படித்தபோது, நம் ஆசிரியப் பெருமக்கள் கொலையின் இலக்கணமாக வகுத்தவற்றையே அந்நாட்டு நீதிபதிகள் வேறு சொற்களில் தேடிக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றியது. அத்தேடல் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் அத்தீர்ப்புகளே காட்டின.

முதலில் அச்சட்டத்தைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். கலிபோர்னியச் சட்டத்தில் கொலை முயற்சி என்பதற்கு இரண்டு கூறுகள் உண்டு. கொல்ல வேண்டும் என்னும் எண்ணம் ஒன்று. அதனை நிறைவேற்றும் பொருட்டு நேரிடையாகச் செய்து, பயனளிக்காமற் போன செயல் மற்றொன்று. முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த முயற்சிக்குப் பரோல் வாய்ப்புடன் கூடிய ஆயுள் தண்டனை. மற்றவற்றிற்கு 5, 7 அல்லது 9 ஆண்டுகள். துப்பாக்கியைப் பயன்படுத்தியிருந்தால் அதற்கெனத் தனியே பல ஆண்டுகள் கூடும். காண்பதற்கு இச்சட்டம் நம் நெறிக்கு நெருங்கியதே. குறிபார்த்துச் சுட்டவனுடைய தோட்டா நெஞ்சுக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பாய்ந்ததும், மருத்துவர் விரைந்து வந்து காத்ததும் சுட்டவனுடைய நற்குணத்தால் நிகழ்ந்தவை அல்லவே!

ஆனால் எண்ணம் வேண்டும் என்று கூறிய அதே சட்டம், உடந்தையாக இருந்தவர்களை நோக்கி வேறொரு கோட்பாட்டையும் வைத்திருந்தது. சிறிய குற்றம் ஒன்றுக்கு ஒருவன் துணை நின்று, அதன் இயல்பான, நிகழக்கூடிய விளைவாகப் பெரிய குற்றம் ஒன்றை அவனுடைய கூட்டாளி செய்துவிட்டால், துணை நின்றவனும் பெருங்குற்றத்திற்கு உரியவனாவான் என்பதே அது. எடுத்துக்காட்டாக, பகைவன் ஒருவனை அடிப்பதற்கென நால்வர் செல்கின்றனர் எனக் கொள்வோம். அவர்களுள் ஒருவன் திடீரெனத் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். சுடப்பட்டவன் பிழைக்கிறான். கையால் அடிக்கவே வந்த நான்காமவன் துப்பாக்கி இருந்ததையும் அறியான். கொலையை எண்ணியவனும் அல்லன். ஆயினும் இத்தகைய சண்டையில் இப்படி நிகழும் என்பதை அறிவுடைய ஒருவன் எதிர்பார்த்திருக்கக் கூடும் என்று ஜூரிகள் கருதினால், அவன்மேலும் கொலை முயற்சிக் குற்றம் சாரும். 2012இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. திட்டமிட்ட கொலை முயற்சிக்குரிய ஆயுள் தண்டனையை உடந்தையாளனுக்கு விதிக்க, சுட்டவனுடைய திட்டமிடலை அவன் எதிர்பார்த்திருக்கக் கூடும் என்று மெய்ப்பிப்பதும் வேண்டியதில்லை என்று அது தீர்ப்பளித்தது. ஒருவன் உள்ளத்தில் இருந்த எண்ணத்திற்கு மற்றொருவன் வாழ்நாளை ஈடாகச் செலுத்தும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

நம் நெறி இதனை எவ்வாறு காணும்? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமிகள் கொலையை வரையறுக்கும் இடத்தில் உயிர் நீக்கத்தை மட்டும் கூறவில்லை. சோர்வும் கஷாயமும் கலந்த மன, மொழி, மெய்களின் இயக்கத்தை அதன் காரணமாக முதலில் வைத்தார். குந்தகுந்தாசாரியாரின் பாவ பாகுடம் சாலிசித்த மீனை எடுத்துக்காட்டுகிறது. பெருமீனின் செவியில் அரிசி அளவே உடலுடன் வாழும் அச்சிறுமீன், பெருமீனின் வாய்க்குள் புகுந்து மீளும் மீன்களைக் கண்டு, தானாக இருந்தால் ஒன்றையும் விடமாட்டேனே என எண்ணியது என்பது மரபு. அது ஒன்றையும் உண்ணவில்லை; உண்ணும் வலிமையும் அதற்கில்லை. ஆயினும் ஏழாம் நரகம் புக்கது. மறுபுறத்தில் உழவனையும் வலைஞனையும் ஒப்பிட்டுக் கூறுவார் சோமதேவ சூரி. உழும்போது எத்தனையோ உயிர்கள் மடிந்தும் உழவன் கொலையாளி ஆகான். வலையில் ஒன்றும் சிக்காமல் வெறுங்கையுடன் மீளும் நாளிலும் வலைஞன் கொலையெண்ணத்தினின்று நீங்கியவன் ஆகான். வழிவழியாக ஏர் பிடித்த குடும்பங்கள் நம்முள் பல. கொழுமுனையில் மண்புழு துண்டாவதைக் கண்டு வருந்தியவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

எனினும், எண்ணமே முதன்மை என்பதைக் கேட்டவுடன், துணை போனவர்களையெல்லாம் நம் நெறி விடுவித்துவிடுகிறது என்று ஒருவர் கருதினால் அது பெரும் பிழையாகும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை சேரும் என்பது நாம் சிறு பருவத்திலேயே கற்ற பாடம். சந்திரமதி வாளைத் தொடவில்லை. நான்காமவன் தன் நண்பன் துப்பாக்கி கொண்டு வந்ததை அறிந்து, அவன் சுடப்போவதை விரும்பி வழிமறித்து நின்றிருந்தால், அவனும் சுட்டவனே. அமிர்தசந்திர சூரி புருஷார்த்த சித்தியுபாயத்தில், ஒருவர் செய்த கொலையின் பயனைப் பலர் துய்ப்பதும், பலர் கூடிச் செய்ததன் பயன் ஒருவரையே சார்வதும் உண்டு என்று நுணுகி ஆராய்கிறார். அங்கே அளவுகோல் ஒவ்வொருவருடைய உள்ளத்தின் பரிணாமமே ஆகும். கூட்டத்தில் நின்றான் என்பதனாலேயே ஒருவன்மேல் வினையை ஏற்றுவதற்கும் இடமில்லை. கூட்டத்தில் நின்றான், தனித்துச் செய்யவில்லை என்பதனாலேயே நீக்குவதற்கும் இடமில்லை.

2018ஆம் ஆண்டில் கலிபோர்னியச் சட்டமன்றம் ஏறத்தாழ இவ்விடத்திற்கு வந்து சேர்ந்தது என்பது வியப்பிற்குரியது. நான்சி ஸ்கின்னர் என்னும் செனட்டர் கொண்டுவந்த 1437ஆம் எண்ணுள்ள செனட் மசோதாவில் ஆளுநர் ஜெரி பிரௌன் அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று கையொப்பமிட்டார். ஒரு குற்றத்தில் பங்குகொண்டான் என்பதை மட்டுமே கொண்டு ஒருவனிடம் கொலைத் தீக்கருத்தை ஏற்றிக் கூறலாகாது என்று அச்சட்டம் விதித்தது. பழைய கோட்பாட்டின்படி தண்டனை பெற்றவர்கள் மனுச் செய்து மறு தண்டனை பெறுவதற்கும் வழி செய்தது. 2019 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதில் ஒரு விந்தை நேர்ந்தது. மனுச் செய்வோர் பற்றிய பிரிவில் கொலை என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. கொலை முயற்சி என்று இல்லை. சட்டத்தின் சொற்கள் எவையோ அவையே சட்டம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பல கூறிவிட்டன. அதன் பொருள் யாது? நாம் கூறிய நான்காமவனுடைய வழக்கில், சுடப்பட்டவன் இறந்திருந்தால் அவன் மனுச் செய்யலாம். சுடப்பட்டவன் பிழைத்துக்கொண்டதனால் அவனுக்கு அவ்வழி இல்லை! ஓர் உயிர் பிழைத்தமைக்காக மற்றொருவன் வருந்தும் நிலையைச் சட்டமே உண்டாக்கலாமா? மூன்றாண்டுகள் இந்நிலை நீடித்தது. 2021இல் நிறைவேறிய 775ஆம் எண்ணுள்ள மசோதா கொலை முயற்சியையும் சேர்த்தது. 2022 சனவரி முதல் நாளிலிருந்து அவர்களும் மனுச் செய்யலாயினர். தண்டனைச் சட்டத்தில் இன்று 1172.6 என்னும் பிரிவாக அது நிற்கிறது.

மனுவின் வழி எளியது போலத் தோன்றும். இன்றைய சட்டத்தின்படி என்னைக் கொலை அல்லது கொலை முயற்சிக் குற்றவாளியெனத் தீர்மானித்தல் இயலாது என்று கைதி உறுதிகூற வேண்டும். அவன் வேண்டினால் வழக்கறிஞர் அமர்த்தப்படுவார். மனு முதல் நோக்கில் தகுதியுடையதா என்று நீதிமன்றம் பார்க்கும். தகுதியுடையதாயின் விசாரணை நடைபெறும். அதில், இன்றைய சட்டத்தின்படியும் அவன் குற்றவாளியே என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்தது. முதற்படியில் சான்றுகளை எடைபோட்டு உண்மையை முடிவு செய்தல் கூடாது. அத்தடை மிகத் தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பல மனுக்கள் அம்முதற்படியிலேயே தள்ளுபடியாகின்றன. அவ்வாறு தள்ளுபடி செய்தல் யாவும் அநீதி என்று நாம் கூறவில்லை. அக்குற்றத்தில் துணைவர் எவருமின்றித் தானே சுட்டவன் எழுதும் மனுவும் அவற்றுள் உண்டு. பழைய கோட்பாடு பற்றி ஜூரிகளுக்கு நீதிபதி ஒரு சொல்லும் கூறாதிருந்த வழக்குகள் உண்டு. அங்கே கொல்லும் எண்ணம் இருந்ததாக ஜூரிகளே கண்டிருப்பர். அத்தகையோருக்காக இச்சட்டம் பிறக்கவில்லை. தானே விசையை அழுத்தியவன் அச்சிட்ட படிவத்தில் அடையாளமிட்டு, நான் அத்தகையவன் அல்லன் என்று உறுதிகூறுவானாயின், பழைய குற்றத்தோடு பொய்ம்மையும் சேர்கிறது. மேலும், சுடப்பட்டுப் பிழைத்த ஒருவர் எங்கோ இருக்கிறார். உடலில் தழும்பையும் இரவில் அச்சத்தையும் சுமந்து வாழும் அவரிடம், முடிந்துபோன வழக்கு மீண்டும் எழுந்துள்ளது என்று கூறுவது எளிய செயலன்று. மாக்கோழிக்கு நோவில்லை, மனிதனுக்கு உண்டு. கருணையைப் பற்றிப் பேசுவோர் அவரை மறந்து பேசினால் அது அரைக் கருணை.

நம் உள்ளத்தை உறுத்துவது வேறு. எண்ணத்தையே அளவுகோலாகக் கொள்வோம் என்று கூறிய ஒரு சட்டம், அந்த எண்ணத்தை எவ்விடத்தில் தேடுகிறது? பெரும்பாலான குற்ற வழக்குகள் அந்நாட்டில் ஜூரிகள் முன் முழு விசாரணைக்கு வருவதே இல்லை; குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரத்தில் முடிவனவே மிகுதி. அவற்றில் எஞ்சியிருப்பது பூர்வாங்க விசாரணையின் பதிவு ஒன்றே. 1990இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 115ஆம் முன்மொழிவுக்குப் பின், அவ்விசாரணையில் சாட்சிகள் தம்மிடம் கூறியதைக் காவல்துறை அலுவலரே கூண்டேறி எடுத்துரைக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலர், மற்றொருவர் கூறியதாகக் கூறிய சொற்களைக் கொண்டு, ஓர் இளைஞனின் உள்ளத்தில் ஓர் இரவில் எழுந்த கருத்தை அறிந்துவிட முடியுமா? அக்காலத்தில் அவன் தரப்பில் எவரும் அவன் எண்ணத்தைப் பற்றி வாதிட்டிருக்கவும் மாட்டார்கள். எண்ணம் இருந்ததா என்பது அன்றைய சட்டத்தில் அவனுக்குப் பயன்தரும் கேள்வியாக இல்லையே!

மேல்முறையீட்டின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. தள்ளுபடியாகி அறுபது நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் பதிவுகளைப் படித்துவிட்டு, வாதிடத்தக்க பொருள் ஒன்றும் இல்லை என்று நீதிமன்றத்திற்கு எழுதிவிடக்கூடும். மூல வழக்கின் முதல் மேல்முறையீடாயின் நீதிபதிகள் தாமே பதிவு முழுவதையும் படித்துப் பார்ப்பர். மறு தண்டனை மனுவின் மேல்முறையீட்டில் அக்கடமை இல்லை என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைதிக்கு ஒரு கடிதம் செல்லும். முப்பது நாட்களுக்குள் உன் வாதத்தை நீயே எழுதி அனுப்பலாம். அனுப்பாவிடில் மேல்முறையீடு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம் என்பது அதன் சாரம். அவன் எழுதி அனுப்பினால், எழுப்பிய வாதங்களை நீதிமன்றம் ஆராய்ந்தே ஆக வேண்டும். எழுதத் தெரிந்தவனுக்கு அது ஒரு வாயில். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவனுக்கு? அவனுடைய மௌனம் உடன்பாடு ஆகாது என்றே நாம் கருதுகிறோம்.

எல்லாவற்றிலும் கடினமான முடிச்சு இனிமேல் தான் வருகிறது. ஆயுள் தண்டனை பெற்றவன் என்றாவது ஒருநாள் பரோல் வாரியத்தின் முன் நிற்கிறான். அங்கே அவன் தன் குற்றத்தை உணர்ந்திருக்கிறானா என்று கேட்கின்றனர். மறைப்பவனுக்கு அங்கே இடமில்லை. எனவே அவன் மனம் திறந்து, நான் அதை அறிந்தே சென்றேன் என்று ஒப்புக்கொள்கிறான் என்போம். பின்னர் அவனே மறு தண்டனைக்கு மனுச் செய்கிறான். பரோல் வாரியத்தின் முன் கூறிய சொற்களை அவ்விசாரணையில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்று 2021இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று முடிவு செய்தது. சட்ட நோக்கில் அதனைக் குறை கூற இயலாது. உண்மையை அவனே கூறியிருக்கும்போது, கேளாதவர் போல் நீதிபதிகள் இருத்தல் எங்ஙனம்?

ஆயினும் நம் மரபில் குற்றத்தைக் கூறுதல் எதற்காக? ஆலோசனை என்றும் பிரதிக்கிரமணம் என்றும் நாம் போற்றுவன, உள்ளத்தில் தைத்த முள்ளைப் பிடுங்குவதற்காக ஏற்பட்டவை. அதனைக் கேட்கும் ஆசாரியர் அதனைத் தம்முள்ளே வைத்துக் காப்பவராதல் வேண்டும். பிறரிடம் வெளியிடுதல் அவருக்குக் குற்றமாகும் என்று சாத்திரங்கள் விதித்துள்ளன. உண்மை கூறியவன் அவ்வுண்மையாலேயே கதவடைக்கப்படுகிறான். வாய்திறவாது இருந்தவனுக்குக் கதவு சற்றே திறந்திருக்கிறது. இதனைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது கைதி எதனைக் கற்றுக்கொள்வான்? நம் குழுவில் இதனைப் பற்றி உரையாடியபோது, வழக்கறிஞரான அன்பர் ஒருவர், அரசு ஆசாரியர் அன்று. அதனிடம் அத்தகைய அடக்கத்தை எதிர்பார்த்தல் தகாது என்றார். வயதில் மூத்த அம்மையார் ஒருவரோ, அறிந்தே சென்றவன் உள்ளே இருப்பதில் என்ன பிழை, உண்மை பேசியதற்கு விலை கேட்டால் அது உண்மையாகுமா என்று வினவினார். அம்மையாரின் சொல்லை மறுக்க எங்களால் முடியவில்லை. ஒப்புக்கொள்வதும் எளிதாக இல்லை. அறிந்து சென்றான் என்பதற்கும் கொல்லக் கருதினான் என்பதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. இருபது ஆண்டுகள் கழித்துக் குற்ற உணர்வால் குன்றியவன், தன்னைத் தாழ்த்திக் கூறும் சொற்களில் அவ்விடைவெளியை மறந்துவிடுவதும் உண்டு. வருந்துகின்றவன் தன்மேல் பழியை மிகுத்துக் கூறுவதை நாம் இல்லங்களிலேயே கண்டிருக்கிறோம்.

ஆகவே நாம் வேண்டுவது ஒன்றே. அவனை விடுவிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கேட்டுவிட்டு மறுக்கட்டும் என்கிறோம். விசாரணை நடத்தி, அவன் உள்ளத்தை இயன்றவரை ஆய்ந்து, கொல்லக் கருதினான் என்று கண்டபின் மனுவைத் தள்ளினால், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்வதில் நமக்கு வருத்தமில்லை. யசோதரனும் தன் வினையைத் துய்த்தே தீர்த்தான். வினாவையே எழுப்பாமல் ஏட்டின் விளிம்பிலேயே திருப்பி அனுப்புவது வேறு. முன்னது தீர்ப்பு, பின்னதை அப்பெயரால் அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

2025 மார்ச்சில் அம்மாநில உச்ச நீதிமன்றம் இதனையொட்டிய வழக்கொன்றில் முடிவு கூறியது. கொலை முயற்சியை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்ற ஒருவர், அச்சிட்ட படிவத்தில் பொதுவான உறுதிமொழிகளை மட்டும் கூறி மனுச் செய்திருந்தார். பூர்வாங்க விசாரணைப் பதிவோ சுட்டவர் அவரே என்றது. பதிவில் உள்ள குறிப்பான செய்திகளை மனுதாரர் மறுக்காமலும், தன் தரப்புச் செய்தி எதையும் கூறாமலும் இருந்தால், நீதிமன்றம் அப்பதிவைக் கருத்திற்கொண்டு முதற்படியிலேயே மனுவைத் தள்ளலாம் என்றனர் நீதிபதிகள். இது கைதிகளுக்குக் கடினமான முடிவு என்பதில் ஐயமில்லை. எனினும் அத்துடன் கதவைச் சாத்திவிடவில்லை. மனுச் செய்தபோது இந்நெறி தெளிவாக இருக்கவில்லை என்பதைக் கருதி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்திற்கு அனுப்பினர். அன்று நிகழ்ந்தது யாது என்பதைத் தன் சொற்களில் சேர்த்துத் திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய, அம்மனிதருக்கு முப்பது நாட்கள் அளிக்கப்பட்டன.